ஜல்லியில் காய்த்த தக்காளி

பேசாத ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் கண்டக்டர் வேலை பார்த்தவன். காலையில் செங்கல்பட்டு ஸ்டாண்டில் விசில் ஊதினால், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அதையும் தாண்டி வடக்கே கடலோரக் குப்பங்கள் என்று சாயங்காலம் வரைக்கும் என் வாய் மூடாது. எங்கே போகணும், சில்லறை இருக்கா, உள்ளே தள்ளிப் போ, மீன் கூடையை வழியில் வைக்காதே. இதற்கெல்லாம் திருப்பிப் பேசுகிற ஜனங்கள்தான் என் ஜனங்கள். சண்டைக்கு வருகிறவர்கள் இன்னும் நல்லவர்கள். மோசஸ் மட்டும் ஏறுவான், காசை நீட்டுவான், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இறங்கும் இடத்தை அவன் ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும், அத்தோடு பேச்சு முடிந்தது.

அவன் இறங்குவது மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு சவுக்குத் தோப்போரம். தோப்பைத் தாண்டி நடந்தால் கடலைப் பார்த்தபடி ஒரு பங்களா. மெட்ராஸ் முதலாளி ஒருவர் காற்று வாங்குவதற்காகக் கட்டியது. அவர் எப்போதாவது சனிக்கிழமையில் காரில் வருவார், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் அத்தனை பெரிய வீட்டுக்கும் அத்தனை நீளக் கடற்கரைக்கும் மோசஸ் ஒருத்தன்தான். நான் சொல்வது எழுபதுகளின் நடுவில். அன்றைக்கு அந்தப் பக்கம் பங்களாக்களும் குறைவு, விளக்கும் குறைவு. கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் வேறு வீடே கிடையாது.

அவனுக்குச் சொந்த ஊர் அச்சரப்பாக்கம் பக்கம். அவனுடைய அப்பா ஒரு பெரிய பண்ணையில் படியாள். வருஷம் முழுக்க ஒரே வீட்டு நிலத்தில் உழைத்து, அந்த நிலத்தில் ஒரு முழம்கூடத் தன்னுடையது இல்லாமல் செத்துப்போனவர். மகனை மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படிக்க வைத்தார். அதோடு ஒரு பாடத்தைத் தானே நடத்தினார். பெரியவங்க பேசும்போது வாயைத் திறக்காதே, திறந்தால் சோறு போயிடும். மோசஸ் அந்தப் பாடத்தில் முதல் மார்க். பங்களா வேலைக்கு நாலு பேர் வந்து நின்றபோது முதலாளி அவனைத்தான் எடுத்தார். அவருக்கு அமைதி பிடிக்குமாம். கேட்டதற்குத் தலையாட்டி, கேட்காததற்கு வாய் திறக்காத ஆள் கிடைத்தால் விடுவாரா? வாய் இல்லாததற்கே அவனுக்குச் சம்பளம் கொடுத்தார் என்றுதான் நான் சொல்வேன். கெட்டது என்னவென்றால், அந்த வேலையை அவன் தன் வீட்டுக்குள்ளேயும் பார்த்தான்.

வீட்டுக்குள் இருந்தவள் ரெபேக்காள், அவன் பெண்டாட்டி. அவளும் அந்த ஊர்ப் பக்கம்தான், நடவுக் கூட்டத்தில் வளர்ந்தவள். பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடும்போது பேச்சு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அங்கிருந்து அவளைக் கொண்டுவந்து இந்த மணலில் விட்டால் என்ன ஆவாள்? பிள்ளையும் இல்லை. குப்பத்து ஜனங்கள் தூரத்தில். பகல் முழுக்கக் கடல் சத்தம், ராத்திரி முழுக்கக் கடல் சத்தம், நடுவில் மோசஸ். மாதச் சாமான் வாங்க என் பஸ்ஸில் ஏறினாள் என்றால், செங்கல்பட்டு வருவதற்குள் வண்டியில் இருக்கிற அத்தனை பேரோடும் பேசி முடித்திருப்பாள். டிரைவர் அருணகிரி கடுகடுப்பான ஆள், அவர்கூட அவள் வந்தால் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துச் சிரிப்பார். திரும்பிப் போகும்போது தோப்பு கிட்டக் கிட்ட வர அவள் பேச்சு குறைந்துகொண்டே வரும். அதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும்.

அந்த மணலில் அவள் வைக்காத செடி இல்லை. மிளகாய் வைத்தாள், கருகியது. முருங்கைக் கொம்பு நட்டாள், அதுகூடப் பட்டுப்போயிற்று. உப்புக் காற்று, உப்புக் கிணறு. கடைசியில் அம்மா வீட்டுக்குப் போனவள் ஒரு கறிவேப்பிலைக் கன்றும், அதற்கென்று ஒரு கூடை செம்மண்ணும் தலையில் சுமந்து வந்தாள். சமையல்கட்டுக்குப் பின்னால் குழி எடுத்து, மண்ணைக் கொட்டி, கன்றை வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றிக்கட்டிக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமை மழை. முதலாளியும் வந்திருந்தார். மண் கரைந்து வெள்ளை மணலில் சிவப்பாக வழிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “இந்த அசிங்கத்தை எடுத்து வெளியே கொட்டு. மண்ணு கிண்ணு எதையும் உள்ளே கொண்டு வராதே” என்றார். மோசஸ் தலையாட்டினான். கன்றைப் பிடுங்கி, மண்ணைக் கூடையில் வழித்து, ரோட்டுக்கு அந்தாண்டை கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தான்.

முதலாளி போன மறுநாள் ரெபேக்காள் துணி மூட்டையோடு என் பஸ்ஸில் ஏறினாள். “இன்னாக்கா, ஊருக்கா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வழி முழுக்க அழுதாள்.

“நான் இன்னா நகையா கேட்டேன்? ஒரு கூடை மண்ணு. அவரு கொட்டச் சொன்னாரு, சரி, அவரு எடம். இது போய் கொட்டிட்டு வந்து கைய கழுவிகினு நிக்குது. ‘ஐயா, அவ ஆசையா கொண்டாந்தா’ன்னு அவராண்ட ஒரு வார்த்த சொல்ல வாணாம், பயம், தெரியும். என்னாண்ட வந்தாவது சொல்லக் கூடாதா? ‘மனசு கஷ்டமா கீதுமே’ன்னு ஒரு வார்த்த? ஒண்ணுமே நடக்காத மாரி துண்ணுட்டு படுத்துகிச்சு. நான் எத்தினி நாளு செவுத்தோட பேசிகினு கெடப்பேன், சொல்லு?”

டிக்கெட்டுக்குக் காசு வாங்காமல் என் பையிலிருந்து போட்டேன்.

அவள் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மோசஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சரப்பாக்கத்துக்குப் போனான். போகும்போதே நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். “யோவ், போனமா வந்தமான்னு இல்லாம ரெண்டு வார்த்த பேசி இட்டுகினு வாய்யா” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மாமியார் வீட்டில் சோறு போட்டார்களாம், சாப்பிட்டான். ரெபேக்காள் எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கை கழுவினான். “வர்றேன்” என்றான். அவன் வாசல் தாண்டும்போது அவள் சொன்னாள்: “ஒரு புடி மண்ணு வெச்சிக்க முடியாத எடத்துக்கு நான் வரமாட்டேன்யா.”

அவள் சொன்னது மண்ணைப் பற்றி அல்ல என்று எனக்குப் புரிகிறது, உங்களுக்கும் புரிகிறது. மோசஸுக்கு மட்டும் மண் என்றால் மண்தான். அதைத்தான் முதலாளி கூடாது என்றுவிட்டார். ஆக, பெண்டாட்டி வரமாட்டாள். அவ்வளவுதான் கணக்கு. அதற்கப்புறம் அவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. சட்டையைத் துவைத்துப் போட மறந்தான், தாடி விட்டான். குப்பத்திலிருந்து மீன் கூடை தூக்கிக்கொண்டு வரும் ஆதியம்மாள் மட்டும் தினம் பங்களாவின் பின்வாசல் வழியாகப் போவாள். “அந்தாளு கடலைப் பாத்துகினு குந்திகினே கீது. போவசொல்லவும் அங்கதான் கீது, வரசொல்லவும் அங்கதான் கீது” என்று பஸ்ஸில் சொல்வாள்.

இந்த நிலையில்தான் முதலாளியின் மைத்துனர் சம்பத் என்பவர் பங்களாவுக்கு வந்தார். வங்காளத்தில் தேயிலைக் கம்பெனியில் வேலை பார்த்தவர், நன்றாகப் பேசுகிற மனுஷர். சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போது, அங்கே மலைப்பக்கம் ஒருத்தர் வீட்டில் தக்காளியும் பீன்ஸும் பெட்டியில் வளர்த்ததைச் சொன்னார். “மண்ணே கிடையாது! பெட்டி நிறைய ஜல்லியும் மணலும். வாரத்துக்கு ஒரு தடவை உரத்தைத் தூவி தண்ணி விடறான். காய் ஒவ்வொண்ணும் இவ்ளோ பெரிசு!” காபித் தட்டோடு நின்ற மோசஸ் காதில் ‘மண்ணே கிடையாது’ என்பது விழுந்தது. வேறு எதுவுமே விழவில்லை. என்ன மணல், எத்தனை உரம், எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டியவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவரோ மறுநாள் கிளம்பிவிட்டார்.

மண்ணெண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டித் தொட்டி செய்தான். வாசலில் மணலுக்கா பஞ்சம்? அள்ளிப் போட்டான். நடைபாதையில் கிடந்த ஜல்லியைப் பொறுக்கிப் போட்டான். ஏதோ ஒரு உரத்தைக் கை நிறையத் தூவி, பங்களாக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து ஊற்றினான். தக்காளியைப் பிழிந்து விதையைக் காயவைத்துப் போட்டதில் இரண்டு இலை முளைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் கருகி, சுருண்டு, செத்தது. மறுபடி போட்டான், மறுபடி செத்தது. வெயில் காலம் முழுக்க இதே வேலை. ஒரு தடவை ஒரு செடி சாண் உயரம் வந்துவிட்டதாம். அதுவும் இலை பழுத்துச் சாய்ந்த அன்றைக்கு அவன் அடுப்பே மூட்டவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் சம்பத் மறுபடி வந்தார். மோசஸ் காபியை வைத்தான், நகரவில்லை. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “என்னப்பா?” என்றார். பெரிய மனிதர் ஒருத்தரிடம் வலியப் போய் ஒரு கேள்வி கேட்பது அவன் குடும்பத்திலேயே அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். “சார், அந்த ஜல்லி...” என்றான். அவருக்குப் புரியவில்லை. “தக்காளி, சார். செத்துப்போச்சு சார்” என்றான்.

அவர் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார். தொட்டி மணலைக் கிள்ளி நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார். “அடப்பாவி, கடல் மணலா? கிணத்துத் தண்ணியா? ஊறுகாய் போட்டிருக்கியேப்பா!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அங்கேயே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். ஆற்று மணல்தான் வேண்டும், அதையும் அலசிப் போட வேண்டும். ஜல்லி அதிகம், மணல் குறைவு. டின் துரு பிடிக்காமல் உள்ளே தார் பூச வேண்டும், அடியில் ஓட்டை விட்டுத் தக்கை வைக்க வேண்டும். நல்ல தண்ணீர். உரக்கடையில் அம்மோனியா உரம், சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ். மருந்துக் கடையில் பேதி உப்பு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி, அதில் ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. கடல் காற்று படாமல் சுவர் மறைவு. அவருக்கு இதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவர் கதையைக் கேட்டு அதற்காக ஒருத்தன் இத்தனை செடியைச் சாகடித்திருக்கிறான் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு வெயில் காலம் மிச்சம்.

அதற்கப்புறம் என் பஸ்ஸுக்குப் பிடித்தது சனி. ஒரு நாள் செங்கல்பட்டில் சாக்கு மூட்டையோடு ஏறினான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னாய்யா இது?”

“மணலு.”

“மணலா?”

“பாலாத்து மணலு.”

“யோவ், கடக்கரைக்கு மணலு எடுத்துகினு போற மொத ஆளு நீதான்யா!” என்றேன். பஸ்ஸே சிரித்தது. அருணகிரி முன்னாலிருந்து, “அடுத்த வாட்டி கடலுக்குத் தண்ணி கொண்டாருவான், பாத்துக்க” என்றார். மோசஸ் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். அவன் வேட்டியெல்லாம் ஈரம். அப்படி எத்தனை மூட்டை சுமந்தானோ.

பேதி உப்புக் கதை அதைவிட மோசம். செங்கல்பட்டு மருந்துக் கடையில் அதை அடிக்கடி வாங்கப்போக, கடைக்காரர் இரக்கப்பட்டு, “இவ்ளோ நாளா போவலன்னா டாக்டர்கிட்ட காட்டுய்யா” என்றிருக்கிறார். இல்லை, இது செடிக்கு என்று சொல்லலாம் இல்லையா? சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். கடையில் நின்ற எங்கள் ஊர் ஆள் ஒருத்தர் அதைப் பஸ்ஸில் பரப்பிவிட்டார். அதிலிருந்து ஆதியம்மாள் அவன் ஏறினால் படிக்குப் பக்கத்து சீட்டை அவனுக்கே விட்டுக்கொடுப்பாள். அவன் மறுப்பு சொல்லாமல் அதில் உட்கார்ந்தும் கொள்வான்!

நல்ல தண்ணீருக்குத் தோப்புக்குள் ஒரு ஊற்று உண்டு. அங்கிருந்து குடம் குடமாகத் தூக்கினான். சமையல்கட்டின் மேற்குச் சுவரோரம் தொட்டிகளை வரிசையாக வைத்து, காற்று சுற்றிக்கொண்டு வராதபடி மற்றப் பக்கங்களில் கீற்றுத் தட்டி கட்டினான். முதலாளி வந்து பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, மண் இல்லை, சரி என்றார். அவருக்கு அவ்வளவுதான் விஷயம்.

உரத்தில் ஒரு பங்கு கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. ஒரு தரம் இரண்டு தடவை போட்டு ஒரு தொட்டியைக் கருக்கிவிட்டான். அதனால் உரம் போடும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட ஆரம்பித்தான். அம்மோனியா போட்டாச்சு, சூப்பர் போட்டாச்சு, பொட்டாஷ் போட்டாச்சு. அப்புறம் எந்தத் தொட்டிக்குப் போட்டது என்று குழம்பாமல் இருக்க, உனக்குப் போட்டாச்சு, உனக்கு இல்லை என்றான். அப்புறம், உனக்கு ஏன் இலை மஞ்சளா கீது என்று கேட்டான். அங்கிருந்து அவன் பேச்சு எங்கெங்கேயோ போயிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் மூடிக்கிடந்த வாய் அது. யாரும் திட்டாத, யாரும் சிரிக்காத ஒரு இடம் கிடைத்ததும் திறந்துகொண்டது. ஒரு மனுஷன் பேசுவதற்கு மனுஷர்களே இல்லாத இடம்தான் தேவைப்பட்டது.

முதலில் கேட்டது ஆதியம்மாள். மீன் கூடையோடு பின்வாசல் வழியாகப் போகும்போது தட்டிக்குப் பின்னால் ஆண் குரல். ரெபேக்காள் வந்துவிட்டாள் போல என்று சந்தோஷமாக எட்டிப் பார்த்திருக்கிறாள். அவன் ஒருத்தன்தான் குந்திக்கொண்டு செடியிடம் பேசிக்கொண்டிருந்தான். “காத்து ஜாஸ்தியா கீது இன்னிக்கு. பயப்படாத, தட்டிய இஸ்துக் கட்டிகிறேன்” என்கிறானாம். ஆதியம்மாள் ஓசைப்படாமல் வந்துவிட்டாள். பஸ்ஸில் ஏறியதும் தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

தை மாதம் தக்காளி பழுத்தது. ஆதியம்மாள் வாராவாரம் அச்சரப்பாக்கம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோவாள். அது தெரிந்து ஒரு நாள் காலையில் மோசஸ் தோப்போரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தான். கையில் துணிப்பை. நிறையத் தக்காளி, இரத்தச் சிவப்பு. “அவளாண்ட குடு” என்றான் ஆதியம்மாளிடம்.

“இன்னா சொல்லட்டும்?”

“சும்மா குடு.”

எனக்கு வந்ததே கோபம்! “யோவ், நீ வளத்ததுன்னாவது சொல்லச் சொல்லுய்யா. வான்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்புய்யா” என்று படியில் தொங்கிக்கொண்டு கத்தினேன். அருணகிரி வண்டியை எடுத்துவிட்டார்.

ரெபேக்காள் பையை வாங்கி ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தாளாம். “இன்னா சொல்லி அனுப்புச்சு?” என்று கேட்டாளாம். ஒண்ணும் சொல்லல என்று ஆதியம்மாள் சொன்னதும், பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் குழம்பில் போட்டாளாம். “கடைல வாங்கி அனுப்பினா நான் வந்துருவேனா?” என்றாளாம். அவள் வரவில்லை. தக்காளிக்காக அவள் வந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் சந்தைக்குப் போனபோது ஆதியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை, ரெபேக்காள் வீட்டுக்குப் போனாள். “அது கடைத் தக்காளி இல்ல. அந்தாளே வளத்தது, ஜல்லில. மண்ணே இல்லாம. எனக்குச் சொல்லவே பயமா கீது. அதுங்களாண்ட பேசிகினே கீது. காலைல பேசுது, வெயில்ல பேசுது. யாரயாவது இட்டுகினு வந்து மந்திரிச்சி வுடு” என்றிருக்கிறாள்.

ரெபேக்காள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாளாம். “பேசுதா? எங்க வூட்டு ஆளா பேசுது?”

மறுநாள் அவள் என் பஸ்ஸில் இருந்தாள். மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. யாரோடும் பேசவும் இல்லை. “கடைசி பஸ்ல திரும்பிடுவேன். தோப்பாண்ட ஆரன் அடிங்க, ஓடியாந்துடறேன்” என்றாள். நான் சரி என்றேன். எனக்கும் கேட்க நிறைய இருந்தது, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவள் முன்வாசலுக்குப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போயிருக்கிறாள். தட்டிக்கு வெளியே நின்றாள். உள்ளே அவன் குரல். அவளுக்கு முதலில் அது யார் குரல் என்றே தெரியவில்லையாம். அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை.

“நீ பரவால்ல, தேறிட்ட. இதுதான் தலைய தொங்கப் போட்டுகினு கீது. இன்னா கோவம்? காலைல ஒரு கப்பலு போச்சு, பாத்தியா? சின்னதா, புகை வுட்டுகினு. அவ இருந்தா ஓடியாந்து பாத்திருப்பா. எங்க போவுது, அதுல யாரு கீறாங்க, சோறு யாரு ஆக்குவாங்கன்னு நூறு கேள்வி கேப்பா. நான் பாத்தேன். ரொம்ப நேரம் பாத்தேன்.”

ரெபேக்காளுக்குப் பொறுக்கவில்லையாம். அழுகை இல்லை, எரிச்சல். தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மோசஸ் அவளைப் பார்த்தான். அவ்வளவுதான், வாய் பூட்டிக்கொண்டது. எழுந்து கையை வேட்டியில் துடைத்தான். “வா” என்றான். போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். செடியில் இருந்ததில் பெரிய பழமாகப் பார்த்துப் பறித்து அவள் கையில் வைத்தான். வைத்துவிட்டு நின்றான்.

“கப்பலு போனத அதுங்களாண்ட சொல்ற” என்றாள் ரெபேக்காள். “என்னாண்ட என்னிக்காவது சொல்லிக்கிறியா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“தக்காளி அனுப்பற. நான் தக்காளிக்கா போனேன்? இவ்ளோ மணலு தூக்கிகினு வந்தியே, என் ஊட்டாண்ட வந்து ‘வாமே’ன்னு சொல்றது அத்தவிட கனமா? பேசு. இப்பப் பேசு. நான் கேட்டுகினுதான் கீறேன்.”

அவன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். சத்தம் வரவில்லை. அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தாள். ரொம்ப நேரம். தட்டி நிழல் தொட்டிகளைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது. அந்த மனுஷன் முகம் வேர்த்துக் கொட்டுகிறது, உதடு நடுங்குகிறது, ஒரு வார்த்தை வரவில்லை. இது திமிர் இல்லை, வராமல்தான் தவிக்கிறது என்று தனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்று ரெபேக்காள் சொன்னாள். அத்தனை நாளாக அவன் தன்னை மதிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் எழுந்தாள். போகத்தான் எழுந்தாளாம். பிறகு என்ன தோன்றியதோ, அவன் இரண்டு தோளையும் பிடித்துத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். “என்னப் பாக்காத. அதுங்களப் பாரு. நான் இங்க இல்லன்னு நெனச்சிக்க. அதுங்களாண்ட சொல்லு” என்றாள். அவன் முதுகுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் குந்தினான். ஒரு இலையைத் தொட்டான். கொஞ்ச நேரம் கழித்து, “உனக்கு நேத்து பொட்டாஷ் போட்டாச்சு” என்றான். அப்புறம், “அன்னிக்கு நீங்கல்லாம் இல்ல” என்றான். அப்புறம் வந்தது.

“ஐயா கொட்டச் சொன்னாரு. நான் கூடைல வழிக்கசொல்ல அவ சமைக்கற எடத்துல நின்னு பாத்துகினு கீறா. எனக்குத் தெரியும், திரும்பல. திரும்பினா அழுதுருவேன். ரோட்டுக்கு அந்தாண்ட கொட்டிட்டு அங்கியே குந்திட்டேன். எங்க நைனா நெனப்பு வந்துச்சு. ஒரு தபா எங்கம்மாவ பண்ணைக்காரரு கைய ஓங்கிகினு வந்தாரு. நைனா பாத்துகினே நின்னாரு. வாயத் தொறக்கல. நான் அவர மாரி ஆவக் கூடாதுன்னு நெனச்சேன். ஆயிட்டேன். அவளாண்ட சொல்லணும்னுதான் உள்ள வந்தேன். அவ மூஞ்சப் பாத்ததும் போயிடுச்சு எல்லாம். அவ போன அன்னிக்கு ரெண்டு பேருக்கு சோறு வடிச்சிட்டேன். மறுநாளும் வடிச்சேன். அப்புறமும் அப்பிடித்தான் வடிக்கறேன். குறைச்சி வடிக்க கை வரல. காக்காய்க்குப் போடறேன். அவ இல்லாம இந்த வூட்ல எனக்கு பயமா கீது.”

இது நடந்துகொண்டிருந்தபோது நாங்கள் தோப்போரம் வந்துவிட்டோம். கடைசி வண்டி. அருணகிரி ஆரன் அடித்தார். யாரும் வரவில்லை. நான் இறங்கித் தோப்புப் பாதையைப் பார்த்தேன். ஆள் இல்லை. அருணகிரி மறுபடியும் அழுத்திப் பிடித்து அடித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். நான் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தேன்.

இரண்டாவது ஆரன் அவனுக்கும் கேட்டது. பேச்சை நிறுத்தினான். திரும்பாமலே, “பஸ்ஸு வந்துடுச்சி” என்றான்.

“வந்தா வரட்டும்” என்றாள் ரெபேக்காள். “அப்புறம் இன்னா ஆச்சு, சொல்லு.”